ராக் கச்சேரிக்குப் போகும் நடுத்தர வயசுக்காரர்களுக்கு

கல்லூரி நாளில் கேசட் மாற்றிக்கொண்ட நாலு பேர், இருபத்தைந்து வருடம் கழித்து நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஒரு ராக் கச்சேரிக்குப் போனோம். மேடையில் இருந்தவர்களுக்கு வயசாகிவிட்டது தெரிந்துதான் போனோம். எங்களுக்கும் ஆகிவிட்டது என்பது எட்டு மணி வாக்கில் உறைத்தது.

முதலில் உடுப்பு. பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்த அந்தக் காலக் கறுப்பு டீ-ஷர்ட் தொப்பையில் ஏறிக்கொண்டு, சென்னைப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிவிட்டது. தளர்வான பருத்திச் சட்டை போதும். செருப்பு வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் ஒற்றைச் செருப்போடுதான் திரும்புவீர்கள்.

பெரிய தப்பு காது விஷயத்தில். ஸ்பீக்கருக்கு நேரே போய் நின்றோம். மறுநாள் மதியம் வரை காதுக்குள் வண்டு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்; ராக் மேடைக்கு முன்னால் 100 எல்லாம் சர்வ சாதாரணம். மருந்துக்கடையில் ஃபோம் இயர் ப்ளக் கிடைக்கும். அதைச் சும்மா செருகினால் பயனில்லை. விரலால் திரி மாதிரி மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, உப்பும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாட்டு காதில் விழாமல் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், நன்றாகவே கேட்கும்.

நிற்கும் இடமும் முக்கியம். மேடைக்கு எதிரே கூட்டத்துக்கு நடுவில் சவுண்ட் இன்ஜினியரின் கூடாரம் இருக்கும். குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸ் நடப்பதே அவர் காதை வைத்துத்தான். அந்தப் பக்கம் ஒதுங்கினால் பாஸ் கிதாரும் குரலும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். ரொம்பப் பின்னால் போனால் வேறு வேடிக்கை: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும், ஆகவே நூறு மீட்டர் தள்ளி நின்றால் திரையில் டிரம்மர் அடித்துக் கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும்.

உள்ளே போய்ப் போனில் பேசிக்கொள்ளலாம் என்று பிரிந்து போகாதீர்கள். அத்தனை பேரும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். வாசலிலேயே ஒரு லைட் கம்பத்தைக் காட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நேரம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதனால் நம்மூரில் சீக்கிரம் தொடங்கிப் பெரும்பாலும் பத்துக்குள் முடித்துவிடுவார்கள். மெட்ரோ பதினொன்று வரை ஓடும், அவசரமே இல்லை. குழு கையசைத்துவிட்டு உள்ளே போனதும் கிளம்பிவிடாதீர்கள். மைதான விளக்குகள் எரியவில்லை என்றால் இன்னும் பாட்டு பாக்கி இருக்கிறது. எங்களில் ஒருவன் டிராஃபிக்குக்குப் பயந்து முன்னாலேயே ஓடினான். கல்லூரியிலிருந்து அவன் முணுமுணுத்துவந்த அந்த ஒரு பாட்டை, பார்க்கிங்கில் ஹெல்மெட்டும் கையுமாக வண்டியைத் தேடிக்கொண்டே கேட்டான்.