பருவத்தின் கடைசி எட்டுச் சுற்றுகள்: ஃபேன்டசி காற்பந்தில் அடுத்த ஆகஸ்டுக்கு இப்போதே தயாராகும் முறை

ஃபேன்டசி பிரிமியர் லீக் என்பது இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் உண்மையான ஆட்டக்காரர்களில் 15 பேரைத் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு. ஏப்ரல் பிறந்துவிட்டால், அதில் எங்களுக்குள் நடத்தும் பத்தாங் பெர்ஜுந்தை லீக்கில் இருக்கும் 14 பேரில் பாதிப் பேர் தங்கள் அணியைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகஸ்டில் எல்லாரிடமும் இருந்த ஆர்வம், 30 சுற்றுகள் கழிந்த பிறகு முதல் மூன்று இடங்களில் இருப்பவர்களிடம் மட்டுமே மிஞ்சுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஃபேன்டசி பிரிமியர் லீக்கில் கடைசி எட்டுச் சுற்றுகள் கற்றுத் தருவதை ஆண்டின் வேறு எந்தப் பகுதியும் கற்றுத் தருவதில்லை. இந்தப் பருவத்திலேயே இடம் பிடிக்க நினைப்பவருக்கும், இது கைவிட்டுப் போயிற்று என்று முடிவு கட்டி அடுத்த ஆகஸ்டை எதிர்பார்ப்பவருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக, பல ஆண்டுகளாக நான் கடைப்பிடித்து வரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரை வாங்கலாமா என்று யோசிக்கும்போது, போன வாரம் அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று பார்ப்பதற்கு முன், அவருடைய கிளப்புக்கு இனி என்ன தேவை இருக்கிறது என்று கேளுங்கள். செப்டம்பரில் 20 கிளப்புகளுக்கும் தேவை ஒன்றுதான். ஏப்ரலில் அப்படி இல்லை. ஒரு கிளப் பட்டத்துக்குப் போராடும், ஒன்று அடுத்த பருவம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் இடத்துக்குப் போராடும், ஒன்று கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்காமல் இருக்கத் தவிக்கும். நடுவில் இருக்கும் நான்கைந்து கிளப்புகளுக்கு வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான்.

2024/25 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் ஏப்ரல் 27ஆம் தேதி டோட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அணி ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. செல்சியிடமும் பிரைட்டனிடமும் தோற்றது. ஆர்சனலுடனும் கிரிஸ்டல் பாலஸுடனும் சமநிலை கண்டது. பருவம் முழுவதும் 29 கோல் அடித்த முகமது சாலா, அந்தக் கடைசி நான்கு ஆட்டங்களில் அடித்தது ஒரே ஒரு கோல். அவரைக் கண்ணை மூடிக்கொண்டு கேப்டனாக (கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும்) வைத்திருந்தவர்கள் எங்கள் லீக்கில் ஒன்பது பேர். அதே பருவத்தில் டோட்டன்ஹாமும் மென்செஸ்டர் யுனைடெட்டும் ஐரோப்பா லீக் கிண்ணத்தின் மீது கண் வைத்து, லீக் ஆட்டங்களில் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்தன. மே 21ஆம் தேதி பில்பாவோவில் அந்த இரண்டு கிளப்புகளும் இறுதி ஆட்டத்தில் மோதின, டோட்டன்ஹாம் 1-0 என்று கிண்ணத்தை வென்றது. ஆனால் லீக் பட்டியலில் அவை முடித்த இடங்கள் 17உம் 15உம். சவுத்ஹெம்டன் கதை வேறு. ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே அது தரமிறங்கிவிட்டது. அத்தகைய அணியை எதிர்கொள்ளும் கிளப் எது, அந்தக் கிளப்புக்கு வெற்றி தேவைப்படுகிறதா என்று பார்த்தால், அந்த வாரத்துக் கேப்டன் பெரும்பாலும் கிடைத்துவிடுவார்.

இதற்கு நான் பயன்படுத்துவது மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருக்கும் அதே 555 புத்தகம்தான். சட்டைப் பையில் அடங்கும், விலையும் மலிவு. ஒரு பக்கத்துக்கு ஒரு கிளப் என்று 20 பக்கங்களை ஒதுக்குகிறேன். பக்கத்தின் மேலே ஒரே ஒரு சொல்: ‘பட்டம்’, ‘ஐரோப்பா’, ‘தரமிறக்கம்’, ‘கிண்ணம்’, அல்லது ‘ஒன்றுமில்லை’. திங்கட்கிழமை காலையில் பட்டியலைப் பார்த்து, தேவை மாறியிருந்தால் பழைய சொல்லை அடித்துவிட்டுப் புதியதை எழுதுகிறேன். அதன் கீழே நான்கு வரிகள்: பினால்டி யார் அடித்தார், கார்னர் யார் எடுத்தார், முதல் பதினொருவரில் புதிதாக வந்தவர் யார், 60 நிமிடத்துக்கு முன்பே வெளியே எடுக்கப்பட்டவர் யார். இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1 புள்ளி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தற்காப்பு ஆட்டக்காரருக்கு, கோல் விடாத ஆட்டத்தின் 4 புள்ளியும் 60 நிமிடம் ஆடினால்தான் உண்டு. ஒருவர் தொடர்ந்து மூன்று வாரம் 55ஆவது நிமிடத்தில் வெளியே வருகிறார் என்றால், அவர் களைத்திருக்கிறார் அல்லது நிர்வாகி இன்னொருவரைச் சோதித்துப் பார்க்கிறார். இரண்டில் எதுவானாலும் அது அடுத்த பருவத்துக்கான செய்தி.

நம்மைப் போல மலேசியாவில் இருந்து ஆடுபவர்களுக்கு மார்ச் கடைசியில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துகிறார்கள். எட்டு மணி நேர வித்தியாசம் ஏழாகிவிடுகிறது. சுற்றின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு மாற்றங்களுக்கான கதவு மூடப்படும். சனிக்கிழமை அங்கே பகல் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால், குளிர்காலம் முழுவதும் நமக்குக் கெடு இரவு 7 மணியாக இருந்தது, ஏப்ரலில் மாலை 6 மணியாகிவிடும். என் தங்கை மகன் செம்பனை ஆலையில் வேலை செய்கிறான். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, ஆறரைக்கு அணியைத் திறப்பது அவன் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன், கேப்டனின் புள்ளியை மும்மடங்காக்கும் டிரிப்பிள் கேப்டனைப் பயன்படுத்தத் திட்டமிட்டிருந்த வாரத்தில் கதவு மூடி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரவு 8 மணி ஆட்டத்துக்கு நமக்குக் கெடு சனிக்கிழமை விடியற்காலை 1.30. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வியாழக்கிழமை இரவே அணியை ஒழுங்குபடுத்திவிடுங்கள்.

சிப்புகளைப் பற்றி, அதாவது பருவத்தில் சில முறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய சிறப்புச் சலுகைகளைப் பற்றி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025/26 பருவத்தில் வைல்ட்கார்ட் (அணியை விரும்பியபடி மாற்றலாம்), ஃப்ரீ ஹிட் (ஒரு சுற்றுக்கு மட்டும் அப்படி மாற்றலாம்), பெஞ்ச் பூஸ்ட் (மாற்று இருக்கையில் இருப்பவர்களின் புள்ளியும் சேரும்), டிரிப்பிள் கேப்டன் ஆகிய நான்கும் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு முறை கிடைக்கின்றன. இரண்டாம் பாதியில் பயன்படுத்தாதவை பருவத்தோடு வீணாகும். மார்ச்சில் லீக் கிண்ண இறுதி ஆட்டமும் ஏப்ரலில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியும் நடக்கும்போது சில கிளப்புகளின் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போகும், பிறகு ஒரே சுற்றில் அவை இரண்டு ஆட்டங்கள் ஆட நேரும். ஆட்டமில்லாதவர்கள் நிறைந்த சுற்றுக்கு ஃப்ரீ ஹிட்டையும், இரண்டு ஆட்டங்கள் உள்ள சுற்றுக்கு பெஞ்ச் பூஸ்ட்டையும், அதற்கு முந்திய சுற்றில் 15 பேரையும் அதற்கேற்ப அமைக்க வைல்ட்கார்டையும் வைத்துக்கொள்வது பழகிய வழி. அதைவிடச் சிறந்த வழியை நான் இதுவரை காணவில்லை.

இன்னும் இரண்டு சிறிய கணக்குகள் உண்டு. முதல் 32 லீக் ஆட்டங்களுக்குள் 10 மஞ்சள் அட்டை வாங்கியவருக்கு இரண்டு ஆட்டத் தடை உண்டு; அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த ஆபத்து நீங்கிவிடும். ஆகவே எட்டு, ஒன்பது அட்டைகளோடு நிற்கும் நடுத்திடல் முரடர்களை 33ஆவது சுற்றுக்குப் பிறகு வாங்குவது நல்லது. அடுத்தது விலை. எல்லாரும் அடுத்த பருவத்தை மீண்டும் 100 மில்லியனில்தான் தொடங்கப் போகிறார்கள் என்பதால், விலை ஏறும் என்பதற்காக ஒருவரை வைத்திருப்பதில் ஏப்ரலில் பொருளே இல்லை. அதுபோலவே 4 புள்ளி கொடுத்துச் செய்யும் கூடுதல் மாற்றமும்: அக்டோபரில் அந்த 4 புள்ளியை மீட்க நீண்ட காலம் இருக்கிறது, மே மாதத்தில் ஒரு சில சுற்றுகள்தான் இருக்கும்.

லீக்கில் நீங்கள் முன்னணியில் இருந்தால், உங்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவரின் அணியைத் திறந்து பார்த்து, அவரிடம் இருக்கும் முக்கியமான மூவரையும் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏறும்போது நீங்களும் ஏறுவீர்கள். பின்தங்கியிருந்தால் கேப்டனை மாற்றுங்கள், மற்ற பத்துப் பேரை மாற்ற வேண்டாம். 40 புள்ளி பின்தங்கியவர் அணி முழுவதையும் கலைத்துப் போட்டு 80 புள்ளி பின்தங்கியதை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

இனி ஆகஸ்டுக்கான வேலைக்கு வருகிறேன். பருவக் கடைசியில் கோல் மழை பொழியும் ஒருவரைக் கண்டால், அவர் பெயரைப் புத்தகத்தில் எழுதும் முன் காரணத்தை எழுதுங்கள். 2021இல் ஆர்சனலிடமிருந்து இரவலாக நியூகாசலுக்கு வந்த ஜோ வில்லோக், தான் ஆடிய கடைசி ஏழு லீக் ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல் அடித்தார். இரவல் காலத்தில் மொத்தம் 8 கோல். அந்த ஆகஸ்டில் நியூகாசல் அவரை நிரந்தரமாக வாங்கியது, நானும் என் அணியில் வாங்கினேன். 2021/22 பருவம் முழுவதும் லீக்கில் அவர் அடித்தது 2 கோல். அன்று என் புத்தகத்தில் ‘ஏழு ஆட்டம், ஏழு கோல்’ என்று மட்டுமே இருந்தது. அவர் பினால்டி அடிப்பவரா, இல்லை. தாக்குதல் வரிசையின் முனையில் நிற்பவரா, அதுவும் இல்லை. வேறு காரணம் எதையும் நான் எழுதவில்லை, எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவும் இல்லை.

கிரிஸ்டல் பாலஸின் ஜான்-பிலிப் மட்டெட்டாவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஒலிவர் கிளாஸ்னர் நிர்வாகியாக வந்தார். அதன் பிறகு மட்டெட்டா கோல்களை அடுக்கத் தொடங்கி, கடைசி நாளில் ஆஸ்டன் வில்லாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்து, 16 லீக் கோல்களோடு பருவத்தை முடித்தார். இங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: புதிய நிர்வாகி, புதிய ஆட்ட முறை, அதன் முனையில் இவர். அடுத்த பருவத்திலும் நிர்வாகி மாறவில்லை, மட்டெட்டா 14 கோல் அடித்தார். ஆனாலும் ஆகஸ்டில் அவரை வாங்கியவர்கள் முதலில் தவித்தார்கள்; பாலஸ் முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. கோடையில் மைக்கல் ஒலிசே பாயர்ன் மியூனிக்குக்குப் போயிருந்தார். முனையில் நிற்பவருக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்த கால் ஒன்று இல்லாமல் போயிற்று. அந்தப் பருவத்திலிருந்து கோல் அடிப்பவர் பெயருக்குப் பக்கத்தில், அவருக்குப் பந்து கொடுப்பவர் பெயரையும் சேர்த்து எழுதி வருகிறேன். ஜூலையில் அந்த இரண்டாவது பெயர் வேறு கிளப்புக்குப் போனால் முதல் பெயரின் மேல் ஒரு கோடு விழும்.

ஜூலையில் புதிய விலைப்பட்டியல் வரும்போது ஆட்டக்காரரின் நிலையும் மாறியிருக்கலாம். கை ஹாவெர்ட்ஸ் 2023/24இல் நடுத்திடல் ஆட்டக்காரர், 2024/25இல் தாக்குதல் ஆட்டக்காரர். அவரது ஒரு கோலுக்கு 5 புள்ளி என்பது 4 ஆகிவிட்டது, கோல் விடாத ஆட்டத்துக்கான 1 புள்ளியும் போய்விட்டது. அதே மனிதர், அதே ஆட்டம். ஆகவே புத்தகத்தில் இருக்கும் பெயர்களைப் பட்டியலோடு ஒருமுறை சரிபார்க்காமல் அணி அமைக்காதீர்கள்.

புதிதாகத் தரமுயர்ந்து வரும் கிளப்புகளின் மலிவான தற்காப்பு ஆட்டக்காரர்கள் மீது எல்லாருக்கும் ஆசை வரும். 2024/25இல் இரண்டாம் பிரிவான செம்பியன்ஷிப்பில் பெர்ன்லி 46 ஆட்டங்களில் 16 கோல்களே விட்டது. பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் 2023/24இலும் 2024/25இலும் தரமுயர்ந்து வந்த மூன்று கிளப்புகளும் அதே பருவத்தில் திரும்பத் தரமிறங்கின என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கிருந்து ஒருவரை மாற்று இருக்கைக்கு எடுங்கள், இருவர் வேண்டாம்.

இந்த ஆண்டு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் 48 அணிகள் ஆடும் உலகக் கிண்ணம் நடக்கிறது. அதில் அரையிறுதி வரை போகும் ஆட்டக்காரருக்குக் கிளப்போடு பயிற்சி செய்யக் கிடைக்கும் நாள்கள் மிகவும் குறைவு. புத்தகத்தில் நாட்டின் பெயரையும் ஒரு மூலையில் எழுதிவைத்தால், தொடக்கச் சுற்றுகளில் யாரைத் தள்ளிவைக்கலாம் என்பது ஜூலை கடைசியில் தெளிவாகிவிடும். தேசிய அணியில் இடம் கிடைக்காமல் கோடை முழுவதும் ஓய்வெடுத்த நல்ல ஆட்டக்காரர்களைத் தேடுவது அதனினும் பயன் தரும்.

மே 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பத்து ஆட்டங்களும் நம் நேரப்படி இரவு 11 மணிக்கு ஒன்றாகத் தொடங்கும். கெடு இரவு 9.30. ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்பு, அதாவது 9.45க்கு, முதல் பதினொருவர் பட்டியல்கள் வெளிவரும். அப்போது அணியில் எதையும் மாற்ற முடியாது. அந்த நேரத்தில் நான் கடைத்தெரு மாமாக் கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு, 555 புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை’ என்று தலைப்பிட்ட கிளப்புகளின் பட்டியலை மட்டும் எழுதிக்கொள்வேன். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில் நிர்வாகி எந்த இளைஞரை இறக்கிப் பார்க்கிறார், பினால்டியை யாரிடம் கொடுக்கிறார் என்பதை ஆட்டத்துக்கு முந்திய அந்த 75 நிமிடத்திலும் அடுத்த இரண்டு மணி நேரத்திலும் குறித்துவிட்டால், ஜூலையில் விலைப்பட்டியல் வரும் வரை புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.