வெனிலா: வேர் முதல் பெட்டி வரை

வெனிலாவின் பச்சைக் காயைக் கிள்ளி முகர்ந்து பார்த்தால் மணம் வராது. மணத்துக்கான பொருள் காய்க்குள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. காய் முழுமையாக முற்றி, சரியான சூட்டில் வாடி, மாதக்கணக்கில் மெல்ல உலர்ந்தால்தான் அது விடுபட்டு வெளிவரும். அதனால் வெனிலாவில் அவசரத்துக்கும் பேராசைக்கும் உடனே தண்டனை உண்டு. சிறு தோட்டங்களில் வருமானம் மூன்று இடங்களில்தான் ஒழுகிப் போகிறது: வேரில் தேங்கும் நீர், ஒரே கொத்தில் அளவு மீறிப் பிடிக்க வைக்கும் காய்கள், முற்றும் முன் பறிப்பது. இந்த மூன்றையும் தடுத்தால் மற்றவற்றைச் சமாளித்துவிடலாம்.

நடவு

கொடி ஏற மரம் வேண்டும். கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்ற, சிறிய இலையும் கவாத்தைத் தாங்கும் குணமும் உள்ள மரம் ஏற்றது. கொடி நடுவதற்கு ஆறு மாதமாவது முன்னதாக மரத்தை நட்டு, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கிளை பிரியும்படி வெட்டிவிடுங்கள். அதைவிட உயரமாகப் பிரிந்தால் பூவெடுக்கும் காலத்தில் ஏணி தேட வேண்டிவரும். வரிசைக்குள் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், வரிசைகளுக்கிடையே இரண்டரை மீட்டர் இடைவெளி போதும். பாதி நிழல், பாதி வெளிச்சம் கிடைக்க வேண்டும். வெயில் அதிகமானால் இலை மஞ்சளாகிக் கருகும். நிழல் அதிகமானால் கொடி மெலிந்து நீளுமே தவிர பூக்காது.

கொடித்துண்டு ஒரு மீட்டர் நீளம் இருக்கட்டும். குட்டையான துண்டும் வேர்விடும், ஆனால் பூக்க ஓராண்டு பிந்தும். அடியிலுள்ள மூன்று நான்கு கணுக்களின் இலைகளை நீக்கி, துண்டை நிழலில் ஒரு வாரம் போட்டுவையுங்கள். வெட்டுவாய் காய்ந்து ஆறும். ஈர வெட்டோடு நட்ட துண்டுகளில்தான் அழுகல் முதலில் தொடங்கும். குழி தோண்ட வேண்டாம். மண்ணின் மேலாக இலை நீக்கிய கணுக்களைப் படுக்க வைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இலைமக்கு போட்டு மூடி, அடி நுனி மட்டும் சற்று வெளியே தெரியும்படி விடுங்கள். மேல்பகுதியை மரத்தோடு மெல்லிய நாரால் தளர்வாகக் கட்டுங்கள். அடைமழையில் நடாதீர்கள்.

வேர் முழுவதும் மேல் மண்ணிலும், மண்ணை மூடிப் போடும் இலைமக்கு மூடாக்கிலும்தான் பரவும். அதனால் கொடியடியில் மண்வெட்டி படவே கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள். மூடாக்கு பத்து சென்டிமீட்டர் கனத்தில் எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் அடியில் நீர் நின்றால் அங்கே வடிகால் போதவில்லை என்று பொருள். மேட்டுப்பாத்தி அமையுங்கள். நீர் தேங்கும் இடத்தில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வேரைப் பழுப்பாக்கி அழிக்கும், கொடி சுருங்கி வாடும். வாட்டத்தைப் பார்த்ததும் மேலும் தண்ணீர் ஊற்றுபவர்கள் பலர். அது நோயை விரைவுபடுத்தும். வேரைத் தோண்டிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் மேலே நலமாக உள்ள பகுதியை வெட்டி வேறிடத்தில் நட்டுவிட்டு, பழைய அடியைப் பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். அதே இடத்தில் உடனே மறுநடவு வேண்டாம். நோய் வந்த கொடியை வெட்டிய கத்தியை எரிசாராயம் நனைத்த துணியால் துடைக்காமல் அடுத்த கொடியில் வைக்காதீர்கள்.

கொடி கிளைப்பிரிவைத் தாண்டியதும் அதன் மேல் வளைத்துத் தொங்கவிடுங்கள். நுனி தரையைத் தொட்டதும் ஒன்றிரண்டு கணுக்களை மூடாக்கில் புதைத்து மீண்டும் மேலேற்றுங்கள். புதைத்த கணுக்கள் புதிய வேர் விடும். அடிவேர் பழுதானாலும் கொடி பிழைக்க இதுவே காப்பு. வளைந்து தொங்கும் பகுதியில்தான் பூக்கொத்து வரும். பூக்கும் காலத்துக்கு ஆறேழு மாதம் முன் தொங்கும் நுனியில் பத்து சென்டிமீட்டர் கிள்ளிவிடுங்கள். அதன்பின் ஓரிரு மாதம் மழை குறைந்தால் மொட்டு நன்றாக வரும். நட்ட மூன்றாம் ஆண்டில் பூ எதிர்பார்க்கலாம்.

பூவைத் தொடும் வேலை

தாயகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளிலேயே தேனீக்களால் பிடிக்கும் காய் மிகக் குறைவு. மற்ற இடங்களில் கைதான் தேனீ. 1841-இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற, அடிமையாக வைக்கப்பட்டிருந்த 12 வயதுச் சிறுவன் காட்டிய முறையே இன்றும் உலகமெங்கும் நடக்கிறது. இதைவிட எளிய முறையை இதுவரை யாரும் கொண்டுவரவில்லை.

பூவின் நடுவே ஒரு தூண் இருக்கும். அதன் உச்சியில் மகரந்தம், சற்றுக் கீழே சூல்முடி. இரண்டுக்கும் நடுவே நாக்கு போன்ற சிறு மடல் தடுப்பாக நிற்கிறது. அந்த மடலை விலக்கி மகரந்தத்தைச் சூல்முடியில் ஒட்ட வைப்பதுதான் முழு வேலையும். கருவி ஓர் ஈர்க்குச்சி. நுனியைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்நுனி சூல்முடியைக் கீறிவிடும்.

இடது கையால் பூவைப் பின்புறமிருந்து பிடியுங்கள். குச்சி நுனியால், தூணைச் சுற்றிக் குழல் போல இருக்கும் உதட்டிதழை நீளவாக்கில் கிழித்துத் தாழ்த்தினால் தூண் தெரியும். குச்சியை மடலின் அடியில் கொடுத்து மேல்நோக்கித் தூக்குங்கள். மடல் எழுந்த நிலையிலேயே இடது கட்டைவிரலால் மகரந்தத்தைக் கீழே மெல்ல அழுத்தி, குச்சியை உருவிவிடுங்கள். குச்சி நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தால் மகரந்தம் சூல்முடிக்குப் போகவில்லை, உங்களோடு வந்துவிட்டது. குச்சியைத் துடைத்துவிட்டு அதே கொத்தின் இன்னொரு பூவில் முயலுங்கள். கை பழகியவர் ஒரு காலையில் ஆயிரம் பூக்கள் வரை முடிப்பார்.

பூ விடியலில் விரிந்து பிற்பகலில் வாடும். ஒரே நாள்தான் அதன் ஆயுள். காலை ஆறு மணி முதல் பதினொன்று வரை நல்ல நேரம். கொத்தில் பதினைந்து இருபது மொட்டுகள் இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான் விரியும். ஆகவே பூக்காலம் முழுவதும், எந்தக் காலையும் விடாமல், ஒவ்வொரு கொடியையும் பார்த்தாக வேண்டும். பிடித்த பூ காம்பிலேயே ஒட்டி வாடும். பிடிக்காதது ஓரிரு நாளில் உதிரும்.

எத்தனை பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பது என்பதில்தான் மனத்தைக் கட்ட வேண்டும். ஒரு கொத்துக்கு எட்டு முதல் பத்து, ஒரு கொடிக்குப் பத்துக் கொத்து, அதற்கு மேல் வேண்டாம். முதல்முறை பூக்கும் கொடிக்கு அதிலும் பாதி. கீழ்நோக்கிய பூக்களைத் தேர்ந்தெடுத்தால் காய் நேராகத் தொங்கி வளரும். அளவு எட்டியதும் மீதி மொட்டுகளைக் கிள்ளி எறியுங்கள். கை வராதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். எல்லாவற்றையும் பிடிக்க வைத்த கொடியில் காய் குட்டையாகும், பல பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிரும், கொடி களைத்து மறு ஆண்டு பூக்காமல் போகும், வேரழுகலும் அப்படிப்பட்ட கொடியை எளிதில் பிடிக்கும்.

ஒவ்வொரு வாரமும் மகரந்தம் சேர்த்த கொத்துக்கு ஒரு நிற நூல் கட்டி, எந்த நிறம் எந்த வாரம் என்று குறித்துவையுங்கள். அறுவடையில் இந்த நூல்தான் வழிகாட்டும். ஏனென்றால் காய் இரண்டு மாதத்திலேயே முழு நீளத்தை எட்டிவிடும். பார்வைக்கு அது முற்றியதாகவே தோன்றும். உண்மையில் முற்ற ஒன்பது மாதமாகும். காயின் நுனி மஞ்சளாகத் தொடங்கும்போது, ஒவ்வொரு காயாகப் பறிக்க வேண்டும். கொத்தோடு அறுத்தால் பாதி பச்சையாக வரும். முற்றாத காயில் மணம் குறைவு, பதப்படுத்தும்போது பூசணமும் அதில்தான் முதலில் வரும். தாமதித்தால் காய் வெடிக்கும். திருட்டுக்குப் பயந்து முன்கூட்டியே பறிப்பது பல ஊர்களில் நடக்கிறது. அப்படிப் பறித்த காயை எவ்வளவு கவனமாகப் பதப்படுத்தினாலும் தரம் கூடாது.

பதப்படுத்தல்

பறித்த இரண்டு மூன்று நாளுக்குள் தொடங்குங்கள். நீளவாரியாகப் பிரித்து, வெடித்தவற்றைத் தனியே வையுங்கள். ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும்; விரலை விட்டுப் பார்த்துச் சூடு சொல்லும் வேலை இங்கே ஆகாது.

நீரை 65 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, காயைக் கூடையோடு மூழ்க வையுங்கள். பெரிய காய்க்கு மூன்று நிமிடம், சிறியதற்கும் வெடித்ததற்கும் இரண்டு. இதன் நோக்கம் காயின் உயிர்ப்பை நிறுத்துவது, ஆனால் மணத்தை விடுவிக்கும் நொதியை விட்டுவைப்பது. நீர் கொதித்தால் நொதியும் அழியும். சூடு குறைந்தால் காய் உயிரோடிருந்து பச்சைத் திட்டுகள் நிற்கும். நீர் தாராளமாக இருக்கட்டும்: ஒரு கிலோ காயை ஐந்து லிட்டரில் போட்டால் சூடு ஆறேழு டிகிரி வரை இறங்கும், பத்து லிட்டரில் மூன்று நான்குதான் இறங்கும்.

நீர் வடிந்ததும், சூடு ஆறும் முன், கருநிறக் கம்பளியில் சுற்றி, உள்ளே கம்பளி விரித்த மரப்பெட்டியில் மூடிவையுங்கள். இரண்டு நாளில் காய் சாக்லேட் நிறமாகும். இதற்குச் சூடு தங்க வேண்டும், சூடு தங்கக் குவியல் வேண்டும். இரண்டு கிலோ காயைத் தனியாகப் பெட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் ஆறிவிடும். நான்கைந்து சிறு விவசாயிகள் காயைச் சேர்த்து ஒரே இடத்தில் பதப்படுத்தினால் பலன் நிச்சயம் கூடும். யாருடையது எவ்வளவு என்பதை எடைபோட்டு முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டால் சண்டை வராது.

பின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வெயில். தரையில் போடாமல், உயர்த்திய தட்டில் கம்பளி விரித்து ஒரு மணி நேரம் திறந்து காயவிடுங்கள். பிறகு கம்பளியை மடித்து மூடி இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலிலேயே விட்டு, சூட்டோடு பெட்டிக்குள் வையுங்கள். தினமும் இதுவே. காய் வளைந்து கொடுத்து நீளவாக்கில் சுருக்கம் விழுந்ததும் வெயிலை நிறுத்திவிட்டு, காற்றோட்டமான நிழல் அறையில் தட்டுகளில் பரப்பி மாதக்கணக்கில் மெல்ல உலர்த்துங்கள். காயை விரலில் சுற்றினால் முறியாமல் சுற்ற வேண்டும், விட்டால் நிமிர வேண்டும். எடையும் ஒரு சாட்சி: ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ ஆகும். அதற்குக் கீழே போனால் காய் குச்சியாகிவிட்டது. கூடுதலாக நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, பெட்டியில் பூசணம் பிடிக்கும்.

உலர்ந்ததை ஐம்பது காய் கொண்ட கட்டுகளாகக் கட்டி, மெழுகுத்தாள் விரித்த பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள். காயின் மேல் வெண்மை தெரிந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலாவின் மணப்பொருளான வனிலினின் படிகம், நல்லது. மங்கலாக, பஞ்சு போலப் படர்ந்து மக்கிய வாடை வந்தால் பூசணம். அந்தக் காயை எடுத்து எறிந்துவிட்டு, பக்கத்திலிருந்த காய்களைத் துடைத்து மீண்டும் நிழலில் உலர்த்தித் தனிப்பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியை அடுத்த மூன்று வாரம் தினமும் திறந்து பாருங்கள்.