டிஸ்னி வேர்ல்டு டைனிங் பிளான்ல கிரெடிட் வீணாகாம சாப்பிடுறது எப்படி

முதல்ல ஒண்ணு, ஃப்ளோரிடா வால்ட் டிஸ்னி வேர்ல்டுல இந்த பிளான், அதாவது சாப்பாட்டுக்கு முன்னாடியே காசு கட்டிடற திட்டம், அவங்க ரிசார்ட்ல தங்குறவங்களுக்குதான், ரூம்ல 3 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துதான் எடுக்கணும், அப்பாக்கு மட்டும் வேணாம்னு விட முடியாது. 3 முதல் 9 வயசு வரை குழந்தை ரேட், 10 ஆனா பெரியவங்க ரேட்டு!

குயிக் சர்வீஸ் (கவுண்டர்ல வாங்கி சாப்பிடுறது) பிளான்ல ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 2 சாப்பாடு, 1 ஸ்நாக், இது ஒவ்வொண்ணும் ஒரு கிரெடிட். பெரிய பிளான்ல அந்த 2 சாப்பாட்டுல ஒண்ணு உக்காந்து சாப்பிடுற டேபிள் சர்வீஸ். கணக்கு ராத்திரிக்குதான், நாளுக்கு இல்ல, அதனால 4 ராத்திரி 5 நாள்னா கடைசி நாளுக்கு தனியா கிரெடிட் வராது, பிரிச்சு வெச்சுக்கோங்க. மொத்தமும் முதல் நாளே அக்கவுண்ட்ல வந்துடும், செக்அவுட் அன்னிக்கு நடுராத்திரியோட காலி.

டேபிள் சர்வீஸ்க்கு 60 நாள் முன்னாடியே ரிசர்வேஷன் ஓபன் ஆகும், காலைல அலாரம் வெச்சு எந்திரிச்சு புக் பண்ணுங்க, இடம் கிடைக்கலன்னா பிளான் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ள சாப்பிட்டா ஆளுக்கு 2 கிரெடிட் போயிடும், ஷெஃப் மிக்கீஸ்ங்கிற ரெஸ்டாரண்ட்ல மிக்கியோட சாப்பிட 1 போதும், எனக்கென்னவோ சின்னப் பசங்களுக்கு ரெண்டாவதே தேவலாம்.

ஸ்நாக் கிரெடிட்ல தண்ணி பாட்டில் வாங்கிடாதீங்க ப்ளீஸ், குயிக் சர்வீஸ் கவுண்டர்ல கேட்டா ஐஸ் வாட்டர் ஃப்ரீ. டிப்ஸ் பெரும்பாலும் இதுல சேராது, அதுக்கு தனியா காசு வெச்சுக்கோங்க.

பசங்க கொறிக்கிற டைப்னா குயிக் சர்வீஸே போதும்.