முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பிஎஃப்ஆர் பயிற்சி: நான் செய்த முறை

ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார்) ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், டேப் வைத்து அளந்தபோது வலது தொடையைவிட இடது தொடை மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. கபடிக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஆனால் முட்டியில் கனமான எடை ஏற்ற முடியாது. அப்போது கைகொடுத்ததுதான் பிஎஃப்ஆர் (பிளட் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்‌ஷன்). தொடையில் காற்றுப்பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தை ஓரளவு குறைத்துவிட்டு, லேசான எடையில் பயிற்சி செய்வது.

இதன் மூலவர் ஜப்பானின் யோஷியாகி சாட்டோ. 1966-ல் ஒரு பௌத்தச் சடங்கில் வெகுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் மரத்துப்போய், கடும் பயிற்சி முடித்ததுபோல் கடுத்தது. 'காட்ஸு' முறை பிறந்தது அங்கேதான். பட்டை இறுகும்போது ரத்தம் காலுக்குள் குறைவாகப் போகும், திரும்பி வருவது இன்னும் குறையும். ஆக்சிஜன் பற்றாமல் போவதால், கனமான எடைக்கு மட்டும் எழும் வேகநார்கள் (வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்) சின்ன எடைக்கே எழுந்துகொள்ளும்.

1. முதலில் டாக்டர். ரத்தக்கட்டி வந்தவர்கள், கட்டுக்குள் வராத பிபி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். ஆபரேஷன் செய்தவர்கள் சர்ஜனின் அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

2. கட்டும் இடம். தொடையின் உச்சி, இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே. நடுத்தொடையிலோ முட்டிக்குப் பக்கத்திலோ கட்டக் கூடாது.

3. அழுத்தம். நான் சறுக்கிய இடம் இது. முதல் வாரம் எலாஸ்டிக் பட்டையைக் கைக்கணக்கில் இறுக்கினேன். பாதம் வெளுத்து, விரல்கள் மரத்தன. வலித்தால்தான் பலன் என்று நினைத்துத் தொடர்ந்தேன். அது தவறு, ஆபத்தும்கூட.

சரியான வழியை பிசியோ காட்டினார். படுக்க வைத்து, கணுக்காலின் உட்புறம் ஜெல் தடவி, சின்ன டாப்ளர் கருவியை வைத்தார். 'ஷ்ஷ்… ஷ்ஷ்…' என்று நாடி கேட்டது. பட்டையில் காற்று ஏற ஏறச் சத்தம் தேய்ந்து, மீட்டர் 180 காட்டியபோது நின்றது (பிபி அளக்கும் அதே அலகு, mmHg). அதுதான் எனக்கு ஓட்டம் முழுசாக அடைபடும் அளவு. பயிற்சிக்கு அதில் 60 சதவீதம், அதாவது 108. காலுக்குப் பொதுவாக 40 முதல் 80 சதவீதம் வரை வைக்கிறார்கள். என் எண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடையின் சுற்றளவு, பட்டையின் அகலம், உங்கள் பிபி எல்லாம் அதை மாற்றும்.

கட்டியதும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். சில நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால் உடனே காற்றை இறக்குங்கள்.

4. பயிற்சி. ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 20–30 சதவீதம் போதும். முதலில் 30 தடவை, பிறகு 15 வீதம் மூன்று முறை, மொத்தம் 75. நடுவில் 30 நொடி ஓய்வு. அடுத்த பயிற்சிக்குப் போகுமுன் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். நான் செய்தது லெக் பிரஸ் (மெஷினில் எடையைக் காலால் தள்ளுவது), வாரம் மூன்று நாள். முட்டியில் தைத்த இடம் இன்னும் ஆறாதவர்கள் லெக் எக்ஸ்டென்ஷனை (உட்கார்ந்தபடி முட்டியை நீட்டி எடை தூக்குவது) சொந்தமாக ஆரம்பிக்க வேண்டாம், பிசியோவிடம் கேளுங்கள்.

தொடை எரியும், அது இயல்பு. மரத்துப்போவதும் குத்துவலியும் நிறுத்தச் சொல்லும் அறிகுறி. பயிற்சி முடிந்த பிறகு சிறுநீர் கறுத்துப் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டை வாங்குவதானால் அழுத்தம் காட்டும் மீட்டரோடு, அகலமானதாக வாங்குங்கள். அகலமான பட்டைக்குக் குறைந்த அழுத்தமே போதும். மீட்டர் இல்லாத எலாஸ்டிக் பட்டையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒன்றை மறக்காதீர்கள்: தசை பருப்பதில் இது கனமான எடைக்குக் கிட்டத்தட்ட ஈடு கொடுக்கும், பலம் ஏறுவதில் கொடுக்காது. ரெய்டுக்கு எகிறும் கால் வேண்டுமென்றால், முட்டி தேறியதும் பார்பெல் ஸ்குவாட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பிற்சேர்க்கை: வீட்டு பிபி மெஷினின் பட்டை போதுமா என்று இரண்டு பேர் கமெண்டில் கேட்டிருந்தீர்கள். அது கைக்கானது. தொடையைச் சுற்ற நீளம் எட்டாது, எட்டினாலும் காலை மடக்கும்போது வெல்க்ரோ பிய்ந்துவிடும். ஓய்வு நேரத்தில் காற்றை இறக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். 75 முடியும்வரை நான் இறக்குவதில்லை; புதிதாகத் தொடங்கி எரிச்சல் தாங்க முடியாதவர்கள் முதல் இரண்டு வாரம் இறக்கிக்கொள்ளலாம்.