வாங்கி வந்த தக்காளி நாற்றில் இலை நோயைக் கண்டறிவது எப்படி?

நர்சரியில் வாங்கிய தக்காளி நாற்றை நட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். ஓர் இலை மஞ்சளாகிவிட்டால் போதும், உடனே தெளிப்பானைத் தேடுகிறோம். வேப்பெண்ணெய், புளித்த மோர், காப்பர் என்று வீட்டில் இருப்பதெல்லாம் செடியின் மேல் விழுகிறது. நச்சுயிரி (வைரஸ்) தாக்கிய செடியை எந்த மருந்தும் மீட்காது. சத்து இல்லாமல் வெளுத்த இலைக்குப் பூஞ்சைக்கொல்லி அடித்தும் பயனில்லை. அதனால் மருந்தைக் கையில் எடுக்கும் முன் செடியின் முன் உட்கார்ந்து, பாதிப்பு அடி இலையில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா என்று பாருங்கள். நோயின் பெயரில் பாதி இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, ஒரு வெள்ளைத்தாள், ஒரு கண்ணாடி டம்ளர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். லென்ஸ் இல்லையென்றால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குள் பாருங்கள். உச்சி வெயிலில் நல்ல செடியும் துவண்டு நிற்கும்.

நோய் அல்லாதவை முதலில்

குழித்தட்டில் நாற்று வளர்வது தென்னை நார்க்கழிவில். அதில் இயல்பாக உள்ள சத்து மிகக் குறைவு. 25 நாளில் நட வேண்டிய நாற்று 40 நாள் வரை தட்டிலேயே கிடந்தால் தழைச்சத்து தீர்ந்துபோகும். அப்போது அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிர் மஞ்சளாகும். புள்ளி இருக்காது, வளையம் இருக்காது. நட்ட பின் மண்புழு உரமோ மீன் அமிலமோ கொடுத்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். மஞ்சளான பழைய இலை மறுபடி பச்சையாகாமல் உதிர்ந்தாலும் கவலை வேண்டாம். முளைத்தபோது வந்த இரண்டு வித்திலைகள் பழுத்து விழுவதும் இயல்புதான்.

நரம்பு பச்சையாகவே இருந்து, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் அதைச் சத்துக்குறை என்று கொள்ளலாம். அடி இலையில் தெரிந்தால் மக்னீசியம் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலையில் தெளிக்க வேண்டும். கொழுந்தில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. உப்பு, சுண்ணாம்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதைப் பரவலாகக் காணலாம்.

நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை நேரே மொட்டைமாடி வெயிலில் வைத்தால், இரண்டு மூன்று நாளில் மேல் இலைகளில் காகிதம் போல் வெளுத்த திட்டுகள் தோன்றும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது வெயில் காயம், பரவாது. முதல் நாள் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்கினால் இந்தக் காயம் வராது.

இலை நூல் போல் மெலிந்து, பெரணிச்செடி போல் முறுக்கிக்கொண்டு வந்தால் பக்கத்தில் உள்ள வெண்டை, பருத்தி, அவரையையும் பாருங்கள். அவையும் ஒரே நேரத்தில் முறுக்கியிருந்தால் அது களைக்கொல்லி. அக்கம்பக்கத்து வயலில் அடித்த 2,4-டி காற்றில் வந்திருக்கலாம், அல்லது களைக்கொல்லி கலந்த அதே தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் நீங்கள் பயன்படுத்தியிருக்கலாம்.

அடி இலையில் புள்ளி

இங்குதான் பெரும்பாலான குழப்பம். மூன்று நோய்களும் அடியிலிருந்து மேலேறும், மூன்றிலும் இலை மஞ்சளாகும். புள்ளியின் அளவையும் உட்புறத்தையும் பார்த்தே பிரிக்க முடியும்.

பழுப்புப் புள்ளிக்குள் மரத்தின் ஆண்டு வளையம் போல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள் ஓரம், அரை அங்குலம் வரை அகலம் இருந்தால் முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வருவது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் நிறையப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கருப்பு, லென்ஸில் பார்த்தால் நடுவே மிளகுத்தூள் தூவியது போல் கருந்துகள்கள் தெரிந்தால் செப்டோரியா இலைப்புள்ளி. அதே அளவு சின்னப் புள்ளிகள், ஆனால் உள்ளே துகளும் இல்லை, வளையமும் இல்லை, எண்ணெய் பட்டது போல் கருத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரம் நீர் கோத்தது போல் தெரிந்தால் பாக்டீரியா இலைப்புள்ளி. இது விதையோடு வருவது. ஒரே தட்டில் வாங்கிய பல நாற்றுகளில் ஒன்றாகத் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

இன்னும் தெளிவாகவில்லையா? டப்பாவில் ஈரமான டிஷ்யூவை விரித்து, புள்ளியுள்ள இலையை அதன்மேல் வைத்து மூடி, அறை வெப்பத்தில் ஓர் இரவு விடுங்கள். புள்ளியின்மேல் கருப்பு மயிர் போல் எழும்பினால் ஆல்டர்னேரியா. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொடி போல் பூசணம் வந்தால் பின்பருவ இலைக்கருகல். பச்சை கலந்த பழுப்பு வெல்வெட் போல் வந்தால் இலைப் பூசணம். பாக்டீரியாப் புள்ளியில் எதுவும் முளைக்காது. மூன்று நாள் வைத்தால் அழுகிய இலையில் எந்தப் பூஞ்சையும் வளரும், அதை நம்பக் கூடாது. மறுநாள் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பின்பருவ இலைக்கருகலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த, மூடுபனி விழும் இடங்களில்தான் இதன் ஆட்டம் அதிகம். கொதிநீர் ஊற்றியது போல் பெரிய கரும்பச்சைத் திட்டுகள் ஒரே நாளில் வரும். தண்டும் கருக்கும். நான்கைந்து நாளில் செடியே முடிந்துபோகும். உருளைக்கிழங்கையும் இதே கிருமிதான் தாக்குகிறது. இந்த நோயில் காத்திருந்து பார்க்க நேரம் இல்லை.

கொழுந்தில் சுருளல்

சமவெளியில், குறிப்பாகக் கோடையில், நாற்று வாங்குபவர்களை அதிகம் ஏமாற்றுவது இலைச்சுருட்டு நச்சுயிரி. வெள்ளை ஈ கடத்துவது. நர்சரியிலேயே தொற்றியிருந்தாலும் அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் வாங்கும்போது நாற்று நன்றாகவே இருக்கும். பிறகு கொழுந்து இலைகள் சிறுத்து, ஓரம் மேல்நோக்கி மடிந்து, கணுக்கள் நெருங்கி, செடி புதர் போல் குட்டையாக நின்றுவிடும். பூத்தாலும் காய் பிடிக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இரண்டு. வெயிலிலும் தண்ணீர்க் குறைவிலும் அடி இலைகள் குழாய் போல் மேலே சுருண்டு தடித்துப்போகும். செடி குட்டையாகாது, கொழுந்து நன்றாக இருக்கும். அது நோய் இல்லை, அந்தச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மற்றது முரணைச் சிலந்தி. கொழுந்து குறுகி, இலையின் அடிப்பக்கம் செம்பு பூசியது போல் பளபளக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய, சிலந்தி இனத்து உயிர் இது. லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளித்தால் புதிய கொழுந்து ஒழுங்காக வரும். நச்சுயிரி என்றால் வராது. வெயில் கொளுத்தும் நாளிலும், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் தெளிக்கக் கூடாது, இலை கருகிவிடும்.

கொழுந்து இலைகள் வெண்கல நிறமாகி, அதில் சின்னக் கருவளையங்கள், தண்டில் கருங்கோடுகள், நுனி கவிழ்ந்து காய்தல் இவை சேர்ந்து வந்தால் புள்ளி வாடல். இலைப்பேன் கடத்தும் நச்சுயிரி. இதற்கும் மருந்து இல்லை.

பூச்சி எழுதும் கோடு

இலையில் வெள்ளையாகப் பாம்பு போல் வளைந்து செல்லும் மெல்லிய கோடு, போகப்போக அகலமானால் இலைத்துளைப்பான் ஈயின் புழு. கோட்டின் அகன்ற முனையை விரலால் நசுக்கினால் வேலை முடிந்தது. கோடாக இல்லாமல் கண்ணாடித்தாள் போல் அகலத் திட்டாகி, உள்ளே கருப்பு எச்சம் தெரிந்தால் ஊசிப்புழு. 2014-ல் இந்தியாவுக்குள் வந்த பூச்சி இது. காயையும் குடையும். அந்த இலையை அன்றே கிள்ளி, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

இலை முழுவதும் ஊசி குத்தியது போல் வெளிர்ப்புள்ளிகள் இருந்தால் வெள்ளைத்தாளின்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த துகள்கள் ஊர்ந்தால் செஞ்சிலந்தி.

இலை பச்சையாக இருந்தே செடி வாடினால்

தண்ணீர் இருந்தும், மஞ்சளாகாமல், ஒரே நாளில் செடி துவண்டால் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி டம்ளரில் அசைக்காமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் போல் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடி நின்ற பையின் மண்ணிலோ பாத்தியிலோ இனி தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். இழை இறங்காமல், ஒரு பக்கத்து இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் வாடல்.

கண்டுபிடித்த பின்

நச்சுயிரிச் செடியைப் பிடுங்கும்போது கவனம் தேவை. அப்படியே உலுக்கினால் வெள்ளை ஈக்கள் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். முதலில் பெரிய பாலித்தீன் பையைச் செடியின்மேல் கவிழ்த்து, வாயை இறுக்கி, பிறகு வேரோடு எடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

பூஞ்சைப் புள்ளிக்கு, பட்ட இலைகளைக் கிள்ளிவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் கரைத்து இலையின் இருபக்கமும் நனையத் தெளிக்கலாம். பாக்டீரியாப் புள்ளிக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு. இரண்டும் புதிய இலைக்குப் பரவாமல் தடுக்குமே தவிர, இருக்கும் புள்ளியை ஆற்றாது. புள்ளி மறையவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். பறிப்பதற்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதை மருந்து டப்பாவின் சீட்டில் பாருங்கள். மண் தெறித்துத்தான் அடி இலைக்குப் பூஞ்சை ஏறுகிறது. வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போட்டு, தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடுங்கள்.

அடுத்த முறை நாற்று வாங்கும்போது தட்டை மெல்லத் தட்டிப் பாருங்கள். வெள்ளை ஈ பறந்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பூ, காயோடு நிற்கும் நாற்றைவிட நான்கைந்து இலையும் பென்சிலில் பாதித் தடிமன் தண்டும் உள்ள நாற்று நல்லது. பெங்களூருவிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகம் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். கிடைத்தால் அதைக் கேளுங்கள். எதை வாங்கினாலும் இரண்டு வாரம் மற்ற தக்காளி, மிளகாயிலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்போதும் பிடிபடவில்லை என்றால் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். நல்ல பகுதியும் நோய்ப்பகுதியும் சேர்ந்த நாலைந்து இலைகளைச் செய்தித்தாளுக்குள் உலர்வாக மடித்து எடுத்துச் செல்லுங்கள். ஈரத்தோடு பாலித்தீனில் வைத்தால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். முழுச்செடியின் படம், என்று வாங்கியது, என்ன தெளித்தது என்ற குறிப்பும் கையில் இருக்கட்டும்.