மினசோட்டாவுல முதல் வீடு, முதல் லான் மோவர்: வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

ஏப்ரல் கடைசில பனி கரைஞ்சு முடிஞ்சதும் நம்ம வாட்ஸப் குரூப்புல வருஷா வருஷம் அதே கேள்வி வரும், "லான் மோவர் (புல் வெட்டுற மெஷின்) எது நல்லது?"ன்னு. உடனே ஆளாளுக்கு ஒரு பிராண்டு சொல்லுவாங்க, யாரோ ஒருத்தர் ஏதாவது தள்ளுபடி லிங்க் போடுவாரு, ரெண்டு பேர் பேட்டரி மோவர்தான் எதிர்காலம்னு சண்டைக்கு வருவாங்க. அதுக்குள்ள என்ன பெட்ரோல் ஊத்தணும்னு மட்டும் ஒரு ஆளும் வாயைத் திறக்க மாட்டாங்க. போன வருஷம் நம்ம திருச்சி நண்பர் ஒருத்தர் சரியா அதுலதான் மாட்டினாரு, அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன். ஈடன் ப்ரெய்ரி, ப்ளைமவுத், மேப்பிள் க்ரோவ், உட்பரின்னு ட்வின் சிட்டீஸ் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) சுத்துவட்டாரத்துல புதுசா வீடு வாங்கினவங்களுக்குத்தான் இது. கலிஃபோர்னியாக்காரங்க அப்படியே நகர்ந்துருங்க, அங்க 2024 மாடல்ல இருந்து புது பெட்ரோல் மோவருக்குத் தனிக் கட்டுப்பாடு வந்துருச்சு.

சட்டம் கட்டளையெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். அபார்ட்மென்ட்டுன்னா உங்களுக்கு இந்த வேலையே கிடையாது, டவுன்ஹவுஸ்னா பெரும்பாலும் அசோசியேஷனே ஆள் வச்சு வெட்டிரும், தனி வீடுன்னா உங்க தலையெழுத்து. மினியாபொலிஸ்ல புல் 8 இன்ச்சைத் தாண்டினா சிட்டில இருந்து கடுதாசி வரும், அப்பவும் வெட்டலைன்னா அவங்களே ஆள் அனுப்பி வெட்டிட்டு பில்லை உங்க தலைல கட்டிருவாங்க. மத்த ஊருக்கெல்லாம் வேற வேற அளவு இருக்கு, உங்க சிட்டி வெப்சைட்ல பாத்துக்கோங்க. இங்க பெரும்பாலும் கென்டக்கி ப்ளூக்ராஸ், அதை ரெண்டரை மூணு இன்ச்சுக்குக் கீழ வெட்டாதீங்க, ஒரே தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. நம்ம ஆளுங்க சலூன்ல சொல்ற மாதிரி "நல்லா ஒட்ட வெட்டிரு"ன்னு வெட்டினா ஜூலைல மொத்தமா காஞ்சு கெடக்கும்.

இப்ப மோவருக்கு வருவோம். முதல் முடிவு, கையால தள்ளுறதா இல்ல தானா ஓடுறதா. செல்ஃப் ப்ரொப்பெல்டு வாங்கினா கைக்கு சுகம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுல பெல்ட்டு, கேபிள், கியர்னு தனியா ஒரு கூட்டமே இருக்கு, ஒண்ணு ஒண்ணா மக்கர் பண்ணும். கால் ஏக்கருக்குள்ள, மேடு பள்ளம் இல்லாத தரைன்னா சாதா தள்ளுற மாடலே போதும், அதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமில்ல, எஞ்சின், பிளேடு, நாலு சக்கரம், அவ்வளவுதான். வெயிட்டும் கம்மி. சரிவு இருந்தா மட்டும் செல்ஃப் ப்ரொப்பெல்டுக்குப் போங்க, போனா பின்சக்கரம் இழுக்கிறதா வாங்குங்க. முன்சக்கரம் இழுக்கிறதுல, வெட்டின புல்லு சேர்ற பின்னாடி பை நெறைஞ்சா முன்பக்கம் லேசாகி சக்கரம் சும்மா சுத்தும். சரிவுல மேல கீழ தள்ளாம குறுக்காலதான் தள்ளணும், மேல இருந்து வழுக்கினீங்கன்னா கால் நேரா பிளேடுக்கு அடியிலதான் போகும்.

பிராண்டு விஷயத்துல ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க. "ஹோண்டா வாங்கு, கண்ணை மூடிட்டு வாங்கு"ன்னு சொல்ற அண்ணன்மார் இன்னும் குரூப்புல இருக்காங்க. நல்ல மோவர்தான், ஆனா அமெரிக்காவுல அவங்க மோவர் தயாரிப்பை 2023 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க, இனி பழசு வாங்கினாதான் உண்டு, அதுக்கும் கேக்கிற விலைய கேட்டா மயக்கம் வரும். க்ராஃப்ட்ஸ்மேன், ட்ராய்-பில்ட், கப் கேடட் மூணும் வேற வேற கலர்ல நிக்கும், ஆனா ஒரே மாவுல ஊத்தின இட்லி, தோசை, ஊத்தப்பம் மாதிரிதான். மூணுமே எம்டிடி கம்பெனி சரக்கு, அந்தக் கம்பெனிய 2021ல ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் முழுசா வாங்கிருச்சு. டோரோ நம்ம ப்ளூமிங்டன் கம்பெனி, 1914ல ஆரம்பிச்சது, ஏர்போர்ட்டுக்குப் போற வழில இருக்கிற அந்த ஊர்லதான் தலைமை ஆபீஸ். அதனால இங்க அதுக்கு டீலரும் பார்ட்ஸும் தடுக்கி விழுந்தா கிடைக்கும். ஊர்ப்பாசத்துல சொல்றேன்னு வச்சுக்கோங்க, ஆனா பார்ட்ஸ் கிடைக்கிறதுதான் பெரிய விஷயம்.

மூடில இருக்கிற பேரை விட எஞ்சின் மேல இருக்கிற பேரைப் பாருங்க. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், ஹோண்டா ஜிசிவி மாதிரி தெரிஞ்ச எஞ்சினா இருந்தா பத்து வருஷம் கழிச்சும் கார்புரேட்டரும் ஃபில்டரும் ஆன்லைன்ல கிடைக்கும். பேரே இல்லாத எஞ்சின்னா அதுக்கு பார்ட் நம்பர் தேடியே ஒரு சனிக்கிழமை போயிரும். 140ல இருந்து 170 சிசி, 21 இன்ச் ஸ்டீல் டெக் (பிளேடை மூடியிருக்கிற தகரம்), இது போதும். குதிரை சக்தியெல்லாம் பெட்டில தேடாதீங்க, அந்தக் கணக்கு பொய்யின்னு கேஸ் நடந்து, இப்ப எல்லாரும் டார்க்கும் சிசியும்தான் போடுறாங்க.

கைப்பிடில இருக்கிற கம்பி பத்தி ஒரு வார்த்தை. அதை விட்டா மூணு செகண்டுக்குள்ள பிளேடு நிக்கணும், 1982ல இருந்து இங்க அதுதான் சட்டம். நம்ம புத்திசாலிங்க சில பேர் கை வலிக்குதுன்னு அதை கயிறு போட்டுக் கட்டி வச்சு தள்ளுறாங்க. செய்யாதீங்கப்பா. அடியில கை விட்டு புல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் வயரைப் புடுங்கிடுங்க.

இப்ப நம்ம திருச்சிக்காரர் கதை. வாங்கினது நல்ல மோவர், தெரிஞ்ச எஞ்சின், எல்லாமே சரி. செவப்பு கேனை எடுத்துட்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனாரு. ஊர்ல நாம வண்டிய விட்டு இறங்கி "ஐநூறுக்குப் போடுங்கண்ணே, ஜீரோ காட்டுங்க"ன்னு சொன்னா முடிஞ்சது, என்ன பெட்ரோல்னு நம்மள யாரும் கேக்கவே மாட்டாங்க, இப்ப இ20 வந்த பிறகும் கேக்கல. இங்க பட்டன் நாம அமுக்கணும். ஆக்டேன் நம்பர் போட்டு 87 ஒரு விலை, பக்கத்துல 88, அது 87ஐ விட சில சென்ட் கம்மி. நம்பர் கூட, விலை கம்மி! எந்தத் தமிழன் விடுவான்? காருக்கும் அதையே போட்டாரு, கேனுக்கும் அதையே பிடிச்சாரு.

அந்த 88ங்கிறது இ15, அதாவது 15 சதவீதம் வரைக்கும் எத்தனால். 2001 மாடல்ல இருந்து வந்த காருக்கு ஒண்ணும் ஆகாது, கார்ல சென்சார் இருக்கு, அது அளவை மாத்திக்கும். மோவர் எஞ்சினுக்கு அந்த மூளை கிடையாது. பெட்ரோல்ல எத்தனால் ஏற ஏற அது சூடா ஓடும், எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை வேற உறிஞ்சும், உறிஞ்சின தண்ணி கார்புரேட்டர் அடியில போய் உக்காரும். பம்ப்புலயே ஆரஞ்சும் நீலமுமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், படகு, பெட்ரோல்ல ஓடுற மெஷின் எதுக்கும் இதைப் போடாதே, பெடரல் சட்டப்படி தப்புன்னு. பின்னாடி ஒருத்தன் வண்டிய நிறுத்திட்டு நம்ம முதுகையே பாத்துட்டு இருக்கும்போது அந்தப் பொடி எழுத்தை யாரு நின்னு படிக்கிறது?

அந்த சீசன் ஓடிருச்சு. அக்டோபர்ல கடைசியா வெட்டிட்டு, அரை டேங்க் பெட்ரோலோட கராஜ் மூலைல தள்ளி, மேல ஒரு பழைய பெட்ஷீட் போட்டு மூடியாச்சு. மே மாசம் கயிறைப் புடிச்சு இழுக்கிறாரு, இழுக்கிறாரு, தோள்பட்டை கழண்டு வந்ததுதான் மிச்சம்.

அப்ப அவரோட அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தாரு, விசிட்டர் விசால சம்மருக்கு. வாழ்நாள் பூரா டிவிஎஸ் 50யும் பஜாஜ் சேட்டக்கும் வச்சு மேய்ச்ச மனுஷன். டேங்க் மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு, பிளக்கைக் கழட்டி சட்டை முனைல தொடச்சுப் பாத்தாரு, "பிளக்கு சரியாத்தாண்டா இருக்கு, கார்பரேட்டர்ல அடைப்பு, ஸ்க்ரூ டிரைவர் எடு"ன்னாரு. இவரு, "வேணாம்பா, வாரண்டி போயிரும், கடைல குடுத்துக்கலாம்"னு அவரை உக்கார வச்சுட்டாரு. அப்பா விடல, மகன் உள்ள போன நேரம் பாத்து சேட்டக்கைச் சாய்க்கிற மாதிரி மோவரைச் சாய்ச்சு ஒரு குலுக்கு குலுக்கிட்டாரு. சாய்ச்சது தப்பான பக்கம், எண்ணெயெல்லாம் போய் ஏர் ஃபில்டர்ல எறங்கிருச்சு. சாய்க்கணும்னா கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல பாத்த மாதிரிதான் சாய்க்கணும், உங்க வீட்டுக்கும் அப்பா வருவாரு, முன்கூட்டியே சொல்லி வைங்க.

வாங்கின பெரிய கடைக்குப் போனா, "நாங்க விக்கிறதோட சரி, சர்வீஸுக்கு டீலர்கிட்ட போங்க." டீலர்கிட்ட போனா மே மாசக் கூட்டம், ஊர்ல இருக்கிற எல்லா மோவரும் அங்கதான் வரிசைல நிக்குது, மூணு வாரம் ஆகும்னாங்க. இங்க புல்லு சும்மா இருக்குமா? மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, முழங்காலுக்கு வந்துருச்சு. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார தாத்தா ஒரு வார்த்தை கேக்கல, மினசோட்டாக்காரங்க கேக்கவும் மாட்டாங்க. ஒரு நாள் காலைல பாத்தா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மோவர் அகலத்துக்கு மட்டும் நூல் பிடிச்ச மாதிரி வெட்டி விட்டிருக்காரு. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு நண்பர் சொன்னாரு.

மூணு வாரம் கழிச்சு டீலர் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டிக் கைல குடுத்தாரு. அடியில பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிருக்கு, ஓரமெல்லாம் பழுப்பா பிசுக்கு காஞ்சு ஒட்டியிருக்கு, பெட்ரோல் போற அந்தப் பித்தளை ஜெட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஓட்டையே தெரியல. பழைய பெட்ரோலால வர்ற கேடு வாரண்டில வராதாம், மேனுவல்ல தெளிவாப் போட்டிருக்காம். நூத்தி நாப்பது டாலர். அப்பாவோ ரெண்டு மாசத்துக்கு அந்த வீட்ல யாரு என்ன பேசினாலும் "நான் அன்னைக்கே சொன்னேன்"ல கொண்டுவந்து முடிச்சாரு.

ஆக, மினசோட்டாவுல மோவருக்கு என்ன பெட்ரோல்? 91, நான்-ஆக்ஸிஜனேட்டட். எத்தனால் சுத்தமா இல்லாதது. இந்த மாநிலத்துல சாதா பெட்ரோல்ல எத்தனால் கலக்கணும்னு சட்டமே இருக்கு, ஆனா படகு, ஸ்னோமொபைல், மோட்டார் சைக்கிள், ஆசைக்கு சேத்து வைக்கிற பழைய கார், சின்ன எஞ்சின் இதுக்கெல்லாம் மட்டும் விதிவிலக்கா இந்த 91ஐ விக்கலாம், பம்ப்புலயே அப்படி எழுதி ஒட்டியிருக்கும். காருக்குப் போடக்கூடாது. விலை கூடத்தான், ஆனா சீசன் முழுக்க சேத்தாலும் சில கேலன்தானே ஆகப்போகுது, ஒரு வேளை பிரியாணி காசுகூட வராது. முடிஞ்சா 91க்குத் தனி ஹோஸ் இருக்கிற பங்க்கா பாருங்க. எல்லாத்துக்கும் ஒரே ஹோஸ்னா உங்களுக்கு முன்னாடி போனவன் போட்ட பெட்ரோல் கொஞ்சம் ஹோஸுக்குள்ளயே நிக்கும், காருக்கு அது ஒண்ணுமில்ல, ஒரு கேலன் கேன்ல அது கணிசமான பங்கு. கேனை கார் டிக்கில வச்சு பிடிக்காதீங்க, கீழ தரைல வச்சுத்தான் பிடிக்கணும், ஸ்டேட்டிக்ல தீப்பிடிச்சிரும்.

91 கிடைக்கலைன்னா 87 போடலாம், 10 சதவீத எத்தனால் வரைக்கும் மேனுவல்ல அனுமதி உண்டு. ஆனா ஒரு மாசத்துக்கு மேல அதை டேங்க்ல உக்கார விடாதீங்க, வாங்கின அன்னைக்கே கேன்ல ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாம இருக்க ஊத்துற மருந்து) ஊத்திருங்க. அக்டோபர்ல கடைசியா வெட்டி முடிச்சதும், டேங்க் காலியாகி எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. எல்லாம் சேத்து அஞ்சு நிமிஷ வேலை, அதைச் செய்யாம விட்டுட்டுதான் மே மாசம் டீலர் வாசல்ல நிக்கிறோம்.

எண்ணெய் பத்தி சுருக்கமா. புது மோவர் பெரும்பாலும் எண்ணெய் ஊத்தாமத்தான் பெட்டில வரும், பாட்டில் தனியா இருக்கும், அதை ஊத்தாம கயிறை இழுத்தா எஞ்சின் அன்னைக்கே காலி. இது ஃபோர் ஸ்ட்ரோக், டிவிஎஸ் 50க்கு மாதிரி பெட்ரோல்ல எண்ணெய் கலக்கக்கூடாது. கிட்டத்தட்ட அரை லிட்டர்தான் பிடிக்கும், கடைல வாங்கின ஒரு குவார்ட் பாட்டிலை முழுசாக் கவுத்தா வெள்ளைப் புகை தெருவே தெரியாம வரும். சில எஞ்சின்ல "எண்ணெய் மாத்தவே வேணாம், குறைஞ்சா ஊத்தினா போதும்"னு போட்டிருக்கான், நான் அதை நம்புறதில்ல, வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுவேன், அஞ்சாறு டாலர் விஷயம்.

பழசு வாங்கப் போறீங்கன்னா, விக்கிறவர் வீட்டுக்குப் போனதும் பேச்சு குடுத்துட்டே எஞ்சின் மேல கைய வச்சுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே எப்படியோ கஷ்டப்பட்டு ஓட வச்சிருக்காருன்னு அர்த்தம், ஜில்லுன்னு இருக்கிற எஞ்சின் ரெண்டு மூணு இழுப்புல கிளம்பினாதான் நல்ல எஞ்சின். ஓடும்போது கைப்பிடி கிடுகிடுன்னு ஆடினா பிளேடு கல்லுல அடிச்சு கிராங்க் (பிளேடைச் சுத்துற தண்டு) வளைஞ்சிருக்கலாம், விலை எவ்வளவு குறைச்சாலும் வேணாம்னு வந்துருங்க. என்ன பெட்ரோல் போட்டீங்கன்னு கேளுங்க. "91, நான்-ஆக்ஸி"ன்னு யோசிக்காம பதில் வந்தா பேரம் பேசாமகூட வாங்கலாம்.

ஸ்னோ ப்ளோயருக்கும் (பனி அள்ளி வீசுற மெஷின்) இதே பெட்ரோல் கணக்குதான், மாசம் மட்டும் தலைகீழ். அதை வாங்கறதுல இருக்கிற கூத்தை அக்டோபர்ல தனியா எழுதுறேன், அதுவரைக்கும் யாரும் அவசரப்பட்டு தள்ளுபடி லிங்க்ல போய் விழாதீங்க.