ஊருக்குள் பைபர் வர என்ன செய்யலாம்?

மொபைல் டேட்டா இருக்கே, கேபிள் வழியாக வீட்டுக்கு வரும் பைபர் நெட் எதற்கு என்று கேட்பவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு கிராமத்து வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊரே ஒரு டவரைப் பங்கு போடும் நேரம் அது, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு சுற்றிக்கொண்டே நிற்கும்.

முதல் வேலை, கேபிள் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிப்பது. ஊராட்சிகளுக்கு பைபர் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு டான்பினெட் என்ற மாநில அரசு நிறுவனத்துடையது. ஊராட்சி அலுவலகத்தில் இந்த பைபர் இணைப்புக்கான பெட்டி இருக்கிறதா என்று செயலரிடம் கேளுங்கள். அப்படியே அதில் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பெட்டி சுவரில் தொங்குவது வேறு, நெட் வருவது வேறு.

எரியவில்லையா? கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், தீர்மான நகலை வாங்கி வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

தனியார் இணைப்பு என்றால் ஆள் சேர்ப்பதுதான் வழி. நான் தனியாகக் கேட்டபோது கேபிள்காரர் "பார்க்கலாம் சார்" என்றே மாதக்கணக்கில் ஓட்டினார். தெருவில் பதினாலு வீட்டுப் பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கம்பத்தில் ஏறினார், ஒரே ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் ஒயர் இழுத்தால் அவருக்குக் கட்டுமா, அதுவும் நியாயம்தானே.

பிளான் எடுக்கும்போது விளம்பர விலையோடு 18% ஜிஎஸ்டி, மோடம் டெபாசிட், இன்ஸ்டாலேஷன் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, மாத பில்லே கட்ட முடியாத வீடுகள்? 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல், கட்டணம் கட்டாமல் வைஃபை விற்கலாம். உங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கடை வாசலில் உட்கார்ந்து படிக்க ஒரு பெஞ்சும் போடச் சொல்லுங்கள்.